சாமானும் அதுவே, வேலையும் அதுவே

போன மாதம் விடுதிப் பக்கம் ஒரு சோலியாகப் போயிருந்தேன். நான் வேலையை விட்டு இரண்டு வருஷம் ஆகிறது. முழங்கால் இரண்டும் ஒத்துழைக்கவில்லை, அதனால் விட்டேன். இப்போது அங்கே அறை வேலை பார்க்கிற பெண்கள் எல்லாருமே கையில் போன் வைத்திருக்கிறார்கள். ஒரு பெண் அதில் தமிழில், "டவல் மாத்தட்டுமா மேடம்?" என்று கேட்டாள். போன் அதை இங்கிலீஷில் சொன்னது. வெள்ளைக்கார அம்மா இங்கிலீஷில் ஏதோ சொன்னார். போன் அதைத் தமிழில் சொன்னது. அந்த இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவே இல்லை, இருவரும் போனைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"நீங்கல்லாம் இது இல்லாம எப்படிக்கா சமாளிச்சீங்க? இங்கிலீஷ் தெரியுமா உங்களுக்கு?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"சாமானைத் தூக்கிக் காட்டுவோம், அவ்ளோதான்," என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு பஸ் ஏறிவிட்டேன். ஆனால் மரக்காணம் வந்து சேர்வதற்குள், நான் சொன்னது தமாஷ் இல்லை, முழு உண்மை என்று தோன்றியது. அதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லலாம் என்றுதான் எழுதுகிறேன்.

நான் எட்டாவது வரைதான் படித்தேன். அதற்குப் பிறகு அம்மாவோடு உப்பளம். கல்யாணம் ஆன பிறகும் உப்பளம்தான். மழை பிடித்துவிட்டால் பாத்தியெல்லாம் தண்ணீர் நின்று வேலை கிடையாது. அப்படி ஒரு மழைக்காலத்தில்தான், அனுமந்தை தாண்டி ரோட்டோரத்தில் புதிதாகக் கட்டிய விருந்தினர் விடுதியில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். மழை விடுகிற வரைக்கும் என்று போனவள், முடி நரைக்கிற வரைக்கும் அங்கேயே இருந்துவிட்டேன்.

மேனேஜர் பெஞ்சமின் சார் பாண்டிச்சேரிக்காரர். ரொம்ப காலம் கப்பலில் பயணிகள் அறை பார்க்கிற வேலையில் இருந்தவர். வெள்ளைச் சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. கோபம் வந்தால் கத்த மாட்டார். கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். அதற்குப் பிறகுதான் பேசுவார். திட்டு எவ்வளவு நேரம் போகும் என்று அவருக்கே தெரியாது என்பதற்கு அது அடையாளம் போலிருக்கிறது. கடிகாரத்தில் கை வைத்தாலே நாங்கள் வேலையைப் போட்டுவிட்டு நேராக நிற்போம்.

முதல் நாள் எங்களை வராந்தாவில் வரிசையாக நிறுத்தினார். நான், கூனிமேட்டிலிருந்து வந்த நூர்ஜகான், இன்னும் மூன்று பேர். தரையில் சாமான்களைப் பரப்பி வைத்திருந்தார். வேலை நேரத்தில் அவர் தமிழ் பேச மாட்டார், அது அவர் வைத்த சட்டம். நீளக் கம்பில் நூல் கட்டியதைத் தூக்கிக் காட்டி, "மாப்," என்றார். நாங்களும் "மாப்" என்றோம். அதை வாளியில் முக்கிப் பிழிந்து, தரையை ஒரு இழுப்பு இழுத்து, மறுபடியும் "மாப்" என்றார். நாங்கள் சரியாகச் சொல்லவில்லையோ என்று இன்னும் சத்தமாக "மாப்!" என்றோம். அவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்ததைத் தூக்கினார். பிரஷ். அதைக் காட்டி ஒரு தடவை, அதால் தேய்த்து ஒரு தடவை. அயர்ன், அப்படியே. லாக், அப்படியே. சோப், ஹோஸ், பாலிஷ் எல்லாம் அப்படியே இரண்டிரண்டு தடவை.

எனக்குப் பொறி தட்டியது. "சார், அப்போ பேரும் அதான், செய்யற வேலையும் அதானா?" என்று கேட்டுவிட்டேன். வேலை நேரத்தில் தமிழில் கேட்டது தப்பு. ஆனாலும் அவர் புருவத்தைத் தூக்கி லேசாகச் சிரித்தார். எனக்கு அன்றைக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. இங்கிலீஷ் என்றால் மலை என்று பயந்துபோய் வந்தவள் நான். ஒன்று கற்றால் இன்னொன்று இலவசம் என்றால் பாதி மலை தானாகவே இறங்கிவிட்டது அல்லவா!

சாயங்காலம் பஸ்ஸில் அதே யோசனை. நாமும் இந்த வார்த்தைகளையெல்லாம் சொல்கிறோம்தான். ஆனால் மாப் போடு, பிரஷ் பண்ணு, அயர்ன் பண்ணு, லாக் பண்ணு என்கிறோம். வெள்ளைக்காரன் ஊரில் அந்த வார்த்தை தனியாகவே வேலைக்குப் போய்விட்டு வருகிறது. நம் ஊருக்கு வந்தால் மட்டும் அதற்குத் துணைக்கு ஒரு ‘பண்ணு’வை அனுப்புகிறோம். வயசுப் பெண்ணைத் தனியாக அனுப்ப மாட்டோம் என்கிற மாதிரி.

தமிழில் இப்படி ஒன்றும் இல்லையா என்று நூர்ஜகானிடம் கேட்டேன். அவள் ஜன்னலோரம் தூங்கி வழிந்துகொண்டிருந்தாள். கண்ணைத் திறக்காமலேயே, "பூட்டு," என்றாள்.

"இன்னாது?"

"பூட்டுக்கா. பூட்டை எடுத்துப் பூட்டு."

ஆமாம்! பூட்டும் அதுதான், பூட்டுவதும் அதுதான். எனக்குத் தூக்கம் போய்விட்டது. வெட்டு விழுந்தது, வெட்டு. கீரைக் கட்டு, கட்டு. ஒன்றன் பின் ஒன்றாக வந்தன. "வேற எதுனா சொல்லுடி" என்று அவளைப் பிடுங்கினேன். "விடுக்கா, நாள் பூரா இடுப்பு ஒடிஞ்சது" என்றாள். அவளைச் சொல்லு என்றபோதுதான் எனக்கு உறைத்தது, சொல் என்பதே அப்படித்தான் என்று. அந்தப் பஸ்ஸில் இருந்தவர்கள் என்னைப் பைத்தியம் என்றே நினைத்திருப்பார்கள். நான் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன்.

என் சந்தோஷம் ஒரு நாள்தான் நீடித்தது. மறுநாள் பெஞ்சமின் சார் துடைப்பத்தைத் தூக்கி, "புரூம்," என்றார். நான் முந்திக்கொண்டு, கூட்டுகிற மாதிரி கையை ஆட்டி, "புரூம்!" என்றேன். அவர் தலையை இடவலமாக ஆட்டினார். "ஸ்வீப்," என்றார். வாளியைத் தூக்கி, "பக்கெட்," என்றார். அதை வைத்துச் செய்கிற எதுவும் பக்கெட் இல்லை.

எனக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது. மாப்புக்கு ஒரு நியாயம், துடைப்பத்துக்கு ஒரு நியாயமா? டீ நேரத்தில் அவரிடமே கேட்டேன். டீ நேரத்தில் தமிழ் பேசலாம்.

"தெரியல தனம்," என்றார். "கப்பல்ல எத்தனையோ தேசத்து ஆளுங்களோட இருந்தேன். இந்தக் கேள்விய ஒருத்தனும் கேக்கல."

தெரியாததைத் தெரியாது என்று சொன்னதாலேயே அந்த மனிதர் மேல் எனக்கு மரியாதை வந்தது. அன்றிலிருந்து எந்தப் புதுச் சாமானைப் பார்த்தாலும், இது வேலைக்குப் போகிற வார்த்தையா, வீட்டிலேயே உட்கார்ந்திருக்கிற வார்த்தையா என்று பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. டவல் போகும். தலையணை போகாது. தண்ணீர் போகும், தோட்டக்காரர் தினமும் செடிகளை வாட்டர்தான் செய்துகொண்டிருந்தார். கதவு போகாது.

இன்னொரு வேடிக்கையும் கண்டுபிடித்தேன். ‘டஸ்ட்’ என்றால் தூசி. டேபிளை டஸ்ட் செய் என்றால் தூசியை எடுக்க வேண்டும். ‘சால்ட்’ என்றால் உப்பு. சமையல்காரரிடம் வெந்நீரை சால்ட் செய் என்றால் உப்பைப் போட வேண்டும். ‘ஷெல்’ என்றால் ஓடு, இறாலை ஷெல் செய் என்றால் ஓட்டை எடுக்க வேண்டும். ‘பட்டர்’ என்றால் வெண்ணெய், ரொட்டியில் தடவ வேண்டும். போடுவதா எடுப்பதா என்று அந்த வார்த்தை ஒரு இடத்திலும் சொல்வதில்லை. இதையும் பெஞ்சமின் சாரிடம் கேட்டேன்.

"உப்பளத்துலேர்ந்து வந்தவ நீ. எதப் போடணும், எத எடுக்கணும்னு உனக்குத் தெரியாதா?" என்று சிரித்தார்.

அவர் தமாஷாகச் சொன்னார். எனக்கு அது பிடித்துப்போனது. யாருக்கும் தூசி வேண்டாம், எல்லாருக்கும் உப்பு வேண்டும். அது செய்கிறவருக்குத் தெரியும் என்று நம்பி, வார்த்தையை அவ்வளவோடு விட்டுவிட்டார்கள். வேலைக்காரர்களை நம்புகிற பாஷை என்று நினைத்துக்கொண்டேன்.

இனி நான் எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன். அதற்கு முன் ஒரு அறையைச் சுத்தம் செய்கிற முறையைச் சொல்லியாக வேண்டும். விருந்தினர் காலி செய்துகொண்டு போனதும் ஜன்னலைத் திற, குப்பைக்கூடையைக் காலி செய், கூட்டு, பிறகு படுக்கை, பிறகு தூசி தட்டு, பிறகு குளியலறை, கடைசியில் மாப். இது பெஞ்சமின் சார் சொல்லிக்கொடுத்த வரிசை. நான் எல்லாவற்றையும் அப்படியே கற்றுக்கொண்டேன், ஒன்றைத் தவிர. குப்பைக்கூடையையும் துடைப்பத்தையும் மட்டும் கடைசிக்குத் தள்ளிவிடுவேன்.

காரணம் எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். வீட்டிலிருந்து ஒருவர் கிளம்பிப் போனால், அவர் தலை மறைந்ததும் துடைப்பத்தை எடுக்க மாட்டோம். பிணம் எடுத்த வீட்டைத்தான் உடனே கூட்டிக் கழுவி விடுவார்கள். பயணம் போனவர் கொஞ்ச தூரமாவது போய்ச் சேரட்டும் என்று காத்திருப்போம். விடுதிக்கு வந்தவர்கள் எனக்கு உறவா, முறையா? ஒன்றும் இல்லை. ஆனாலும் கை வராது. அதனால் படுக்கையை மாற்றி, தூசி தட்டி, குளியலறையைத் தேய்த்து முடிப்பேன். அதற்குள் அவர்கள் கார் காலாப்பட்டையாவது தாண்டியிருக்கும். பிறகு கூட்டுவேன். சார் வந்து மூலையில் விரலை வைத்துப் பார்ப்பார். விரல் சுத்தமாக இருக்கும். வரிசையை யார் பார்த்தார்கள்? இப்படியே வருஷக்கணக்கில் ஓடியது.

நாலாம் நம்பர் அறைக்கு ஒவ்வொரு மார்கழியிலும் சுவீடனிலிருந்து ஒரு தம்பதி வருவார்கள். கணவர் ஆண்டர்ஸ். எழுபது தாண்டியவர். காலையில் ரொட்டித் துண்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு கடற்கரைக்குப் போவார். அனுமந்தைக் குப்பத்து நாய்கள் எல்லாம் அவர் பின்னால்தான் வரும். மனைவி பிர்கித். எனக்கும் அந்த அம்மாவுக்கும் நன்றாக ஒத்துப்போனதற்குக் காரணம், அவருக்கும் இங்கிலீஷ் சொந்த பாஷை இல்லை. நாங்கள் இரண்டு பேரும் ஒற்றை வார்த்தையில் பேசிக்கொள்வோம். அவர் செடியைக் காட்டி, "வாட்டர்?" என்பார். நான், "வாட்டர்," என்று ஊற்றுவேன். அயர்ன்? அயர்ன். டஸ்ட்? டஸ்ட். ஒரு நாள் முழுக்க இப்படியே பேசி முடித்துவிடுவோம். அவருடைய வாயில் தனம் என்கிற பேர் டனா என்று ஆகிவிட்டது.

ஒரு வருஷம் தை மாதத்தில், காலை வெயில் ஏறிய நேரம். நாலாம் நம்பரிலிருந்து அந்த அம்மா கத்துகிற சத்தம் கேட்டு ஓடினோம். பெரியவர் குளியலறை வாசலில் விழுந்து கிடந்தார். முகம் வெளுத்து, வேர்த்து, பேச்சு மூச்சு இல்லை. பெஞ்சமின் சார் நாடியைப் பிடித்துப் பார்த்து, தன் சட்டத்தையும் மறந்து தமிழிலேயே, "ரொம்ப மெதுவா அடிக்குது," என்றார். ஆம்புலன்ஸ் வந்தது. பெரியவரை ஏற்றினார்கள். அந்த அம்மா கூடவே ஏறினார். கால் செருப்புகூடப் போட்டுக்கொள்ளவில்லை. வண்டி சைரன் அடித்துக்கொண்டு பாண்டிச்சேரிப் பக்கம் போனது.

அன்றைக்கென்று வேறு அறை எதுவும் காலி இல்லை. சென்னையிலிருந்து ஒரு குடும்பம் மத்தியானத்துக்குள் வருவதாக இருந்தது. பெரியவர் ஆஸ்பத்திரியிலிருந்து இப்போதைக்குத் திரும்ப மாட்டார் என்று சாருக்குத் தெரிந்துவிட்டது. அவர்கள் சாமான்களைப் பத்திரமாக எடுத்து ஆபீஸில் வைத்துவிட்டு, அறையைச் சுத்தம் செய்யச் சொன்னார்.

"குப்பை வண்டி வர்ற நேரம். மொதல்ல கூடையக் காலி பண்ணு. கூட்டிடு. அப்புறம் மத்தது," என்றார்.

நான் அசையவில்லை.

"இன்னா தனம்?"

"சார், வண்டி இன்னும் கோட்டக்குப்பம் கூடத் தாண்டியிருக்காது. உசுருக்குப் போராடினு போற மனுசன் பின்னால தொடப்பம் எடுக்கச் சொல்றீங்களே."

அவர் கடிகாரத்தைக் கழற்றினார். பையில் போட்டார்.

"எங்க வீட்லயும் இதெல்லாம் உண்டு. எங்க அம்மாவும் கூட்ட மாட்டாங்க. ஆனா இது வீடில்ல. வர்றவங்களுக்கு நான் இன்னா பதில் சொல்றது? அழுக்கு ரூம்ல படுங்கன்னா?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. விடுதியின் பேர் அவர் கையில்தான் இருந்தது. அது எனக்குத் தெரியாமல் இல்லை.

"படுக்கைய மாத்தறேன் சார். பாத்ரூம் கழுவறேன். எது வேணா சொல்லுங்க. போன் வரட்டும், போய்ச் சேந்தாங்கன்னு. அப்புறம் கூட்டறேன்."

"கூட்டலன்னா வேற ஆளு வெச்சிக் கூட்டிக்கிறேன். நாளையிலேர்ந்து நீ வர வேணாம்."

 வீட்டுக்காரருக்குச் சாரத்திலிருந்து விழுந்து கை ஒடிந்திருந்த சமயம் அது. என் வேலையில்தான் வீடு ஓடிக்கொண்டிருந்தது. ஆனாலும் எனக்கு என்ன ஆனதோ தெரியவில்லை, நாலாம் நம்பர் வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சார் நூர்ஜகானைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "நாங்களும் பயணம் போனவங்க பின்னால கூட்ட மாட்டோம் சார். துவா பண்ணினு உக்காருவோம்," என்றாள். அவளும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

குப்பை வண்டி வந்தது. மற்ற அறைகளின் குப்பையை வாங்கிக்கொண்டு போனது. "போயிடுச்சு பாரு வண்டி!" என்று சார் கையை விரித்தார். அதற்குள் சென்னைக்காரர்கள் வழி தெரியாமல் கூனிமேட்டில் நிற்பதாகப் போன் வந்தது. அவர்களை அழைத்து வர ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினார். போகும்போது எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவர் போன கொஞ்ச நேரத்தில் ஆபீஸ் போன் அடித்தது. கம்பி இல்லாமல் கையோடு எடுத்துக்கொண்டு நடக்கிற போன் அது. எடுத்தேன். பிர்கித் அம்மா. அழுகையும் இங்கிலீஷுமாக அவர் கொட்டியதில் டாக்டர், டேப்லெட் என்ற இரண்டு வார்த்தைதான் எனக்குப் புரிந்தது. 

"மேடம், ஸ்லோ. ஒன் வேர்ட், ஒன் வேர்ட்," என்றேன்.

அந்தப் பக்கம் பேச்சு நின்றது. மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது. பிறகு, செடியைக் காட்டிப் பேசுகிற அதே குரலில், "ரூம்," என்றார்.

"எஸ். ரூம்." போனோடு நாலாம் நம்பருக்கு ஓடினேன்.

"டேபிள். ஃபுளோர். டஸ்ட்பின். லுக்."

பார்த்தேன். டேபிளில் ஒன்றுமில்லை. கட்டிலுக்கு அடியில் மணலோடும் ரொட்டித் துணுக்கோடும் ஒரு மாத்திரை அட்டை கிடந்தது. குப்பைக்கூடையைத் தரையில் கொட்டிக் கிளறினேன். இன்னொரு அட்டை. இரண்டும் காலி. ஒன்று வெள்ளி நிறம், ஒன்று பச்சை.

"டூ," என்றேன். "மேடம், டூ. நாட் சேம்."

 பிறகு, "நேம்," என்றார். நான் புரியாமல் நின்றேன். "நேம், டனா! நேம்!"

பேர் சொல்லு என்கிறார். வாசித்தால் உச்சரிப்புத் தப்பாகிவிடும் என்று பயந்து, எழுத்து எழுத்தாகச் சொன்னேன். எட்டாவதில் படித்த ஏ பி சி டி அதற்காவது உதவியது. வெள்ளி அட்டையில் இருந்ததை முதலில், பிறகு பச்சையில் இருந்ததை. அவர் ஒவ்வொரு எழுத்தையும் திருப்பிச் சொல்ல, பக்கத்தில் யாரோ எழுதிக்கொள்வது கேட்டது. பிறகு போன் கைமாறியது.

"அம்மா, நான் நர்ஸ் பேசறேன். ரெண்டு அட்டையும் காலியா?" தமிழ்க் குரலைக் கேட்டதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"காலிங்க."

"அந்த அட்டைங்கள அப்படியே யார்கிட்டயாவது குடுத்தனுப்புங்க. தூக்கிப் போட்டுடாதீங்க."

விஷயம் என்னவென்று பிறகுதான் தெரிந்தது. பெரியவர் ஊரிலிருந்து கொண்டுவந்த இதய மாத்திரை தீரப்போகிறது என்று, இங்கே கடையில் அதே மருந்தை வாங்கியிருக்கிறார்கள். இங்கே அதற்கு வேறு பேர், வேறு நிறம். பழையது தீர்ந்து அவர் புதியதற்கு மாறிவிட்டார் என்றுதான் அந்த அம்மா நினைத்துக்கொண்டிருந்தார். அவரோ இரண்டும் வேறு வேறு மருந்து என்று எண்ணி, பல நாளாக இரண்டையும் சேர்த்தே விழுங்கியிருக்கிறார். டாக்டர்கள் கேட்டபோது அந்த அம்மா ஒரு மாத்திரையின் பேரைத்தான் சொல்லியிருக்கிறார். நாடி ஏன் இப்படி விழுந்துகொண்டே போகிறது என்று அவர்களுக்குப் பிடிபடவில்லை. ஒரே வார்த்தைக்கு இரண்டு வேலை என்பதை இத்தனை வருஷம் ரசித்தவள் நான். ஒரே பொருளுக்கு இரண்டு பேர் இருந்தால் அது ஆளைக் கொல்லப் பார்க்கும் என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

நான் கூட்டாமல் இருந்தது அறிவினால் இல்லை. மாத்திரையைப் பற்றி எனக்கு ஒரு எழவும் தெரியாது. கை வரவில்லை, அவ்வளவுதான்.

பெஞ்சமின் சார் சென்னைக்காரர்களின் காரோடு வந்தபோது, கொட்டிய குப்பைக்கு நடுவில் போனும் கையுமாக நான் தரையில் உட்கார்ந்திருந்தேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்து, நூர்ஜகான் அவசரமாக விஷயத்தைச் சொன்னாள். நான் இரண்டு அட்டையையும் நீட்டினேன். அவர் வாங்கிப் பார்த்தார். குப்பைக்கூடையைப் பார்த்தார். குப்பை வண்டி போன ரோட்டையும் ஒரு தடவை பார்த்தார்.

சென்னைக்காரர்களை மாடிக்கு அழைத்துப் போய், தான் தங்குகிற அறையையே அவர்களுக்குத் திறந்துவிட்டார். அட்டைகளைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு ஸ்கூட்டரில் ஏறினார்.

"நாலாம் நம்பரப் பூட்டு," என்றார். "சாவி உங்கிட்டயே இருக்கட்டும். நீ எப்போ கூட்டணும்ன்றியோ, அப்போ கூட்டு."

பெரியவர் பிழைத்துவிட்டார் என்று ராத்திரியே தகவல் வந்தது. ஆனால் ஆஸ்பத்திரியை விட்டு அனுப்பவில்லை. போய்ச் சேர்ந்தாயிற்று, போனும் வந்தாயிற்று, நியாயமாக நான் கூட்டியிருக்கலாம். மறுநாள் கதவைத் திறந்து துடைப்பத்தோடு நின்றேன். அப்போதும் கை வரவில்லை. பூட்டிவிட்டு வந்துவிட்டேன். தன் அறையைச் சென்னைக்காரர்களுக்குக் கொடுத்துவிட்ட சார் ஆபீஸிலேயே பாய் போட்டுப் படுத்துக்கொண்டார்.

அவர்கள் சாமான்களும் ஆபீஸுக்குப் போகாமல் அறையிலேயே இருந்தன. நடுவில் ஒரு நாள் பிர்கித் அம்மா மாற்றுத் துணி எடுக்க வந்தார். என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். பிறகு நான் கதவைத் திறந்துவிட்டேன். மணலும் ரொட்டித் துணுக்கும் கொட்டிய குப்பையும் அப்படியே கிடப்பதைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். "கிளீன்?" என்று மெல்லக் கேட்டார். "நோ," என்றேன். ஏன் என்று சொல்ல என்னிடம் வார்த்தை இல்லை. அவர் துணியை எடுத்துக்கொண்டு போனார். நான் சுத்தம் செய்த அறையில் ஒரு தலைமுடி கிடந்தது என்று யாரும் சொன்னதில்லை. அந்த அம்மா என்னைச் சோம்பேறி என்று நினைத்துவிட்டாரே என்று அன்றைக்கு வீட்டுக்குப் போய் அழுதேன். பெஞ்சமின் சார் விளக்கியிருக்கலாம். "நான் சொன்னா அது மேனேஜர் சொன்ன சாக்காப் போயிடும். நீயே சொல்லு," என்று விட்டுவிட்டார்.

ஒரு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஒரு நாள் காலையில் டாக்ஸி வந்து நின்றது. பெரியவர் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். பாதியாக இளைத்திருந்தார். ஒவ்வொரு அடியாக வைத்து நாலாம் நம்பருக்கு நடந்து வந்தார். நான் சாவியைத் திருப்பிக் கதவைத் திறந்தேன். அவர் உள்ளே காலை வைத்ததும், சுவரில் சாய்த்து வைத்திருந்த துடைப்பத்தை எடுத்துவிட்டேன்.

பிர்கித் அம்மா, "நோ, டனா, லேட்டர். ரெஸ்ட்," என்று பெரியவரைக் காட்டினார்.

"நோ மேடம். நவ்." இருக்கிற இங்கிலீஷையெல்லாம் திரட்டினேன். பெரியவரைக் கையால் காட்டினேன். "ஹி கோ, ஐ நோ ஸ்வீப். ஹாஸ்பிட்டல், நோ ஸ்வீப். ஹி கம், நவ் ஸ்வீப்."

அந்த அம்மாவுக்குப் புரியவில்லை. பெரியவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தரையைப் பார்த்தார். கட்டிலுக்கடியில் அவர் விழுந்த அன்றைக்குச் சிந்திய ரொட்டித் துணுக்குகள் அப்படியே கிடந்தன. அவர் தன் பாஷையில் மனைவியிடம் ஏதோ சொன்னார். நீளமாக, நிதானமாகச் சொன்னார். அந்த அம்மா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

பெரியவர் நாற்காலியைப் பிடித்துப் பிடித்து உட்கார்ந்தார். நான் குனிந்து கூட்டிக்கொண்டே அவர் பக்கம் வந்தேன். நம் வீட்டு ஆம்பிளைகள் செய்கிற மாதிரியே, யாரும் சொல்லாமல், அவர் இரண்டு காலையும் மேலே தூக்கிக்கொண்டார். கால் நடுங்கியது. ஆனாலும் நான் அடியில் கூட்டி முடிக்கிற வரைக்கும் கீழே வைக்கவே இல்லை.